அகாபே: அன்புக்கு அடைமொழி எதற்கு?

அகாபே என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ‘நிபந்தனையற்ற அன்பு’ என்று எழுதுவது இப்போது கேட்பாரற்ற வழக்கமாகிவிட்டது. சிறுவர் மிகுபுனைவுகளில் கிறித்தவக் கூறுகளை ஆராயும் எந்தக் கட்டுரையை எடுத்தாலும், சி. எஸ். லூயிஸின் நார்னியாக் கதையில் அஸ்லான் என்னும் சிங்கம் எட்மண்ட் என்னும் சிறுவனுக்காக உயிர்விடுவதும், ஹாரி பாட்டரின் தாய் லில்லி குழந்தைக்குக் குறுக்கே நின்று மாள்வதும், மேடலின் லெங்கிளின் கதையில் மெக் என்னும் சிறுமி தன் தம்பியை மீட்பதும் ‘நிபந்தனையற்ற அன்பின் சக்தி’ என்ற ஒரே முத்திரையின்கீழ் வந்துவிடுகின்றன. இதையே ‘காதலின் வல்லமை’ என்று எழுதுவோரும் உளர். அது கவனக்குறைவால் நேரும் பிழை. முன்னதோ படித்தவர்கள் யோசித்துச் செய்யும் பிழை என்பதால் அதைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் சொல்லின் வரலாறு. அகாபே என்னும் பெயர்ச்சொல்லுக்குத் தொடர்புடைய வினை ஹோமர் காலத்திலிருந்தே கிரேக்கத்தில் உண்டு. மகிழ்ந்து வரவேற்றல், மனநிறைவு கொள்ளுதல் போன்ற சாதாரணப் பொருள்களே அதற்கிருந்தன. பெயர்ச்சொல் பரவலாகத் தென்படுவது எபிரேய மறைநூல்களைக் கிரேக்கத்தில் பெயர்த்த ‘எழுபதின்மர்’ பதிப்பில்தான். புதிய ஏற்பாட்டு ஆசிரியர்களான பவுலும் யோவானும் அதை எடுத்தாண்டபின் அது கிறித்தவத்தின் நடுநாயகச் சொல்லாயிற்று. லத்தீனில் காரித்தாஸ், அதன்வழி ஆங்கிலத்தில் சாரிட்டி என்றானது. வில்லியம் டின்டேல் 1526இல் வெளியிட்ட ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில் சாரிட்டியை நீக்கி, தெருவில் வழங்கும் ‘லவ்’ என்ற சொல்லை வைத்தார். அதற்காகத் தாமஸ் மோர் 1529இல் அவரைக் கடுமையாகச் சாடினார். ஜேம்ஸ் அரசர் பெயரால் 1611இல் வந்த ஆங்கில விவிலியப் பதிப்பு, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தின் புகழ்பெற்ற பதின்மூன்றாம் அதிகாரத்தில் சாரிட்டியையே மீண்டும் ஏற்றியது. 1881இன் திருத்திய பதிப்பு டின்டேலின் பக்கம் திரும்பியது. புனிதமான பொருளுக்குப் புழக்கத்திலுள்ள எளிய சொல் போதுமா, போதாதா என்ற வழக்கு அங்கேயே முந்நூற்றைம்பது ஆண்டு நடந்திருக்கிறது.

கிரேக்கருக்கு அன்பைக் குறிக்க நான்கு சொற்கள் இருந்தன, அவற்றுள் அகாபே மட்டும் தெய்வத் தன்மையுடையது என்று சொல்லப்படும் பாகுபாட்டை அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. எழுபதின்மர் பதிப்பில், தாவீது அரசனின் மகன் அம்னோன் தன் மாற்றாந்தாய் மகளான தாமாரைக் கெடுத்த பின் அவள்மேல் முன்பு கொண்டிருந்த மோகத்தைக் குறிக்கவும் இதே அகாபேதான் வருகிறது. சொற்களை இப்படிக் கறாராகத் தனித்தனிப் பெட்டியில் அடைத்தவர்களுள் முதன்மையானவர் 1930களில் நூல் எழுதிய சுவீடன் நாட்டு இறையியலர் ஆண்டர்ஸ் நிகிரென். பிறகு சி. எஸ். லூயிஸ் 1960இல் வெளியிட்ட தம் நூலில் பாசம், நட்பு, காதல், அகாபே என நான்காக அன்பை வகுத்தார். நான்காவதை அவர் சாரிட்டி என்றே அழைத்தார். சிறுவர் புனைவைப் பற்றி எழுதுவோர் இந்தப் பாகுபாட்டை நாடுவதற்குக் காரணமும் அவரே: நார்னியாவின் ஆசிரியரும் இந்நூலின் ஆசிரியரும் ஒருவர்தாம்.

இனி ‘நிபந்தனையற்ற அன்பு’. நிபந்தனை என்பது ‘பந்த்’, அதாவது கட்டுதல் என்னும் வடமொழி வேரிலிருந்து வந்தது. சோழர் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விடப்பட்ட அறக்கட்டளையைக் குறிக்கும் நிவந்தம் என்ற சொல்லும் அதன் உறவுதான். ஆகவே வடசொல் என்பதற்காக அதை நான் விலக்கவில்லை. ஆனால் இன்று அது எங்கே வாழ்கிறது என்று பார்க்க வேண்டும். நிபந்தனை ஜாமீன் கொடுப்பது நீதிமன்றம். நீதிமன்ற அவமதிப்பில் சிக்கியவர் கோருவது நிபந்தனையற்ற மன்னிப்பு. கடன் பத்திரத்தில் பொடியெழுத்தில் வருவது நிபந்தனைகள். இந்தச் சொல்லை அன்பின் தலையில் ஏற்றியவுடன், அன்பு என்பதே இயல்பில் ஒப்பந்தம்போலவும், நல்ல மனிதர் சிலர் அதில் சில ஷரத்துகளை விட்டுக்கொடுப்பதுபோலவும் ஒரு தோற்றம் உண்டாகிவிடுகிறது. விவிலியத்தில் எந்த இடத்திலும் அன்புக்கு இந்த அடை கிடையாது. ஆங்கிலத்தில் அது பெருவழக்கானது இருபதாம் நூற்றாண்டின் நடுவில், எரிக் ஃபிராம், கார்ல் ரோஜர்ஸ் போன்ற உளவியலாளர்கள் வழியாக. மனநல ஆலோசனை அறையின் கலைச்சொல்லை முதல் நூற்றாண்டுக் கிரேக்கத்தின் பொருளென்று நாம் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அதைவிடப் பெரிய குறை, எந்தக் கதைகளை விளக்க இத்தொடரைக் கொண்டுவருகிறார்களோ அந்தக் கதைகளுக்கே அது பொருந்தவில்லை என்பது. 1950இல் வந்த முதல் நார்னியாக் கதையை நினைத்துப்பாருங்கள். எட்மண்ட் இனிப்புக்கு மயங்கிச் சூனியக்காரியிடம் உடன்பிறந்தாரைக் காட்டிக்கொடுக்கப் போனவன். துரோகி ஒவ்வொருவனும் தனக்குரியவன், அவன் உயிர் தன் உரிமை, அந்த இரத்தம் தனக்குக் கிடைக்காவிட்டால் நார்னியா நெருப்பிலும் நீரிலும் அழியும் என்று அவள் பழஞ்சட்டம் பேசுகிறாள். அந்தச் சட்டமாக விளங்கும் மந்திரத்துக்கு மாற்றாக ஏதாவது செய்ய முடியாதா என்று சூசன் கெஞ்சும்போது சிங்கம் அஸ்லான் அவள் பக்கம் திரும்பி முகத்தைச் சுளிக்கிறது. அதன்பின் யாரும் அப்படி ஒரு யோசனையைச் சொல்லத் துணியவில்லை. சட்டத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் தனக்கு உண்டு என்று அஸ்லான் சொல்லவேயில்லை. இரவில் நடந்துபோய், பிடரிமயிர் மழிக்கப்பட்டு, வாய்ப்பூட்டு இடப்பட்டு, கல்மேசையின்மேல் கட்டுண்டு சாகிறது. நிபந்தனை அப்படியே இருக்கிறது. அது முழுமையாக நிறைவேற்றப்படுகிறது, நிறைவேற்றியவர் வேறொருவர் என்பதே செய்தி. அஸ்லானை உயிர்ப்பிக்கும் அதனினும் பழைய மந்திரத்திலும் இரண்டு நிபந்தனைகள் உண்டு: பலியாகிறவர் துரோகம் இழைக்காதவராக இருக்க வேண்டும், தாமே விரும்பி வந்திருக்க வேண்டும். இவ்வளவு நிபந்தனைகள் நிறைந்த நிகழ்ச்சிக்கு ‘நிபந்தனையற்ற’ என்று பெயர் சூட்டினால், கதையின் முதுகெலும்பையே உருவி எடுத்ததாகும்.

லில்லியின் கதையும் இப்படித்தான். விலகிப் போ என்று, குழந்தையைக் கொல்ல வந்த கொடியவன் வோல்டிமார்ட் அவளிடம் ஒருமுறைக்கு மேல் சொல்கிறான். பிழைக்கும் வழி இருந்தும் அவள் நகராததால்தான் அவள் சாவு குழந்தைக்குக் காப்பாகிறது. கணவர் ஜேம்ஸும் குடும்பத்துக்காகவே உயிர்விட்டார், ஆயினும் அவர்முன் அப்படி ஒரு தெரிவு வைக்கப்படவில்லை. அவர்கள் இருவர் கல்லறையிலும் பொறிக்கப்பட்டிருப்பது கொரிந்தியர் நிருபத்தின் வரி: ‘பரிகரிக்கப்படுங் கடைசிச் சத்துரு மரணம்’. இந்த இடத்தைத் ‘தாய்ப்பாசம்’ என்று எழுதுவோரும் உண்டு. பாசம் இயற்கையாகச் சுரப்பது, தெரிவுக்கு முந்தியது. கயிறு என்பதே அதன் முதற்பொருள், சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பிணிக்கும் தளைக்கே அந்தப் பெயர். லில்லிக்குப் பாசம் இருந்தது உண்மைதான், ஆனால் கதாசிரியர் ரோலிங் அழுத்தம் கொடுப்பது தெரிவுக்கு.

காதலை முன்மொழிவோர் பழைய தமிழைத் துணைக்கழைக்கலாம். சம்பந்தர் ‘காதலாகிக் கசிந்து’ என்று பாடியது இறைவன்மேல். மகனைக் காதலன் என்று கூறும் வழக்கும் நம் இலக்கியத்தில் உண்டு. ஆனால் நம் வாசகர் பத்து வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளையின் காதில் காதல் என்றால் ஒன்றுதான், அதைத் திரைப்பாட்டுகள் முடிவு செய்து பல காலமாயிற்று. அக்காள் தம்பியைக் காதலால் மீட்டாள் என்று எழுதிவிட்டு அடிக்குறிப்பில் தேவாரம் காட்டிக்கொண்டிருக்க முடியாது.

உண்மையில் வலுவான போட்டிச்சொல் அருள். பரிமேலழகர், அன்புடைமை என்பது வாழ்க்கைத்துணை, புதல்வர் முதலிய தொடர்புடையார்மேல் செல்வது என்றும், அருளுடைமை தொடர்பு பற்றாமல் எல்லா உயிர்கள்மேலும் செல்வது என்றும் வரம்பு கட்டுகிறார். அந்த வரம்பின்படி துரோகியான எட்மண்டுக்காக அஸ்லான் சாவது அருளே. ‘அருளென்னும் அன்பீன் குழவி’ என்று வள்ளுவர் அருளை அன்பின் பிள்ளையாக்கியதும் இதற்குத் துணை நிற்கும். இருந்தும் இரண்டு காரணங்களால் நான் அதை ஏற்கவில்லை. கிறித்தவத் தமிழில் அருள் வேறொரு கருத்துக்கு உரியதாகிவிட்டது. ‘அருள் நிறைந்த மரியே’ என்று செபிக்கும் கத்தோலிக்கருக்கும், அதையே கிருபை என்று சொல்லும் சீர்திருத்தச் சபையாருக்கும் அது இறைவன் இலவசமாகத் தரும் கொடை. அகாபேக்கும் அதே சொல்லை வைத்தால் இரண்டு கருத்துகள் ஒன்றாகக் குழம்பும். மேலும், அருள் மேலிருந்து கீழே இறங்குவது. மெக் என்னும் கண்ணாடி அணிந்த, தன்னைப் பற்றித் தாழ்வாகவே எண்ணிக்கொள்ளும் பள்ளிச் சிறுமி யாருக்கும் அருள் பாலிக்க முடியாது.

எஞ்சுவது அன்பு. அது மிகப் பரந்த சொல், ‘அன்பொடு புணர்ந்த ஐந்திணை’ என்று தொல்காப்பியம் ஆண் பெண் உறவுக்கும் அதைச் சொல்கிறதே என்பது மறுப்பானால், அம்னோனின் மோகத்துக்கும் வழங்கிய அகாபே மட்டும் எவ்வளவு குறுகியது என்று திருப்பிக் கேட்பேன். பொதுச்சொல்லாக இருந்து, ஒரு சமயத்தின் கையில் ஆழம் பெற்றது அது. அன்பும் அவ்வாறே திருமூலரிடம் ‘அன்பே சிவம்’ ஆகி, தமிழ் வேதாகமத்தில் ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’ என்றாகி, இரண்டு வழியாகவும் ஆழம் பெற்றிருக்கிறது. ‘அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு’ என்ற குறளடிக்கு மேல் கல்மேசைக்கு விளக்கம் தேவையா? ஹாரி பாட்டர் வரிசையின் ஐந்தாம் நூலில், மாய அமைச்சகத்தின் அடித்தளத்தில் எப்போதும் பூட்டியே கிடக்கும் ஓர் அறை வருகிறது. அதற்குள் இருக்கும் ஆற்றல் சாவைவிட வியப்பும் அச்சமும் ஊட்டுவது என்று ஹாரியின் பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோர் சொல்கிறார், அதன் பெயரை மட்டும் அந்த இடத்தில் சொல்வதில்லை. ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்’ என்று படித்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை பெயர் சொல்லாமலே அதைக் கண்டுபிடித்துவிடும், தாழ்ப்பாள் முரணைக் கண்டு சிரிக்கவும் செய்யும்.

தமிழ் வேதாகமத்தைப் பெயர்த்தவர்கள் இதில் காட்டிய நிதானம் இப்போதைய மொழிபெயர்ப்பாளர்களிடம் இல்லை. யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில், கிரேக்கம் இரண்டு வேறு வினைகளை மாற்றி மாற்றிச் சொல்லுமிடத்தில், ‘என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா’ என்று இயேசு கேட்க, ‘உம்மை நேசிக்கிறேன்’ என்று பேதுரு சொல்வதாகப் பழைய பெயர்ப்பு பிரித்துக் காட்டுகிறது. அடைமொழி ஒன்றுமில்லாமலே வேறுபாடு நின்றுவிட்டது. நம்மவர்களோ தூய அன்பு, உண்மையான அன்பு, தெய்வீக அன்பு, தன்னலமற்ற அன்பு என்று அடுக்குகிறார்கள். மூலத்தில் ஒரு சொல் இருந்தால் தமிழில் இரண்டு வைக்காவிட்டால் கூலி குறைந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள் போலும். கையருகே இருக்கும் சொல்லை எடுக்கவும் அவர்களுக்கு மனமில்லை. நார்னியாவில் காலத்தின் விடியலில் பிறந்த மந்திரம் ஒன்று, அந்த விடியலுக்கும் முந்தியது மற்றொன்று. இவற்றை ‘ஆழமான மந்திரம்’, ‘இன்னும் ஆழமான மந்திரம்’ என்று கிணறு தோண்டுவதுபோல் எழுதுகிறார்கள். ஆதி மந்திரம், அநாதி மந்திரம் என்றால் காலக்கணக்கும் வந்துவிடும், ஓசையும் வந்துவிடும்.

அன்பு என்ற சொல்லில் எனக்கும் ஒரு முட்டுப்பாடு உண்டு, அது வினையில் வருவது. 1962இல் வெளிவந்த லெங்கிளின் கதையில், உடலற்ற மாபெரும் மூளை ஒன்று மெக்கின் தம்பி சார்லஸ் வாலஸைத் தன் வசப்படுத்தி வைத்திருக்கிறது. அந்த மூளையின்மேலேயே அன்பு செலுத்தினால் அது ஒருவேளை சுருங்கி மடியக்கூடும் என்று மெக் எண்ணுகிறாள். தன்னால் அது இயலாது என்றும் உணர்கிறாள். தம்பியின்மேல் அன்பு செலுத்த முடியும், அவ்வளவுதான். அகாபே எங்கே நிற்கிறது, பாசம் எங்கே தொடங்குகிறது என்று இத்தனை நேர்மையாகக் காட்டிய இடம் சிறுவர் புனைவில் அரிது. அங்கே அவள் தம்பியைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொல்லும் சிறு வாக்கியத்தை ‘உன்னை நேசிக்கிறேன்’ என்று எழுதினால் மொழிபெயர்ப்பு வாடை வீசும். ‘உன்மேல் அன்புகூர்கிறேன்’ என்றால் பிரசங்க மேடை எதிரே வந்து நிற்கும். எந்தத் தமிழ் அக்காளும் தம்பியிடம் இவ்விரண்டையும் சொன்னதில்லை. ஆனால் அதே இடத்தில் மெக் அவனைச் செல்லமே, உயிரே என்கிற வகையில் வரிசையாக விளிக்கவும் செய்கிறாள். விளிதான் நமக்கு வாய்த்த வழி; பெயர்க்கிறவர் வினையை ஒருமுறையோடு விட்டுவிட்டு, ‘என் கண்ணே, சார்லஸ்! என் தங்கமே, வா!’ என்று அவளைக் கூப்பிடவிடலாம்.