பெயின்ற் அடிப்பதற்கு முன் கீழே குனிந்து பாருங்கள்

சில்லுப் பூட்டி இழுத்துச் செல்லும் நடமாடும் வீடுகளில் நம்மவர் குடியிருப்பதில்லை. ஆனால் கல்லடி தொடக்கம் அறுகம்குடா வரையான கரையோரத்தில், பழைய கப்பற் கொள்கலனைப் பாரந்தூக்கியால் இறக்கி வைத்து, அதிலே குடியிருப்பவர்களும் கடை நடத்துபவர்களும் விருந்தினர் அறையாக வாடகைக்கு விடுபவர்களும் இருக்கிறார்கள். கட்டட வேலையில் இருக்கும் என்னை இத்தகைய வீடுகளுக்கு அழைப்பது பெரும்பாலும் மாரி தொடங்கிக் கூரை ஒழுகிய பிறகுதான். பார்த்திருக்க வேண்டிய காலமோ, கச்சான் காற்று ஓய்ந்து இரும்பு நன்றாகக் காய்ந்திருக்கும் புரட்டாதி மாதம்.

கடற்கரைக்கு அண்மையில், 20 அடிக் கொள்கலன் ஒன்றில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஓர் அம்மா, கதவு இறுகிவிட்டது, ஓரத்தைச் சீவித் தர வேண்டும் என்று என்னை அழைத்தார். கதவில் ஒரு குறையும் இல்லை. கொள்கலனின் பாரம் முழுவதும் நான்கு மூலைத் தூண்கள் வழியாகவே நிலத்துக்கு இறங்குகிறது. ஒரு மூலை அரை அங்குலம் அமிழ்ந்தாலும் சட்டகம் முறுகி, முதலில் கதவில்தான் அது தெரியும். டோர்ச்சுடன் கீழே நுழைந்து பார்த்தபோது, ஒரு மூலை அமிழ்ந்திருந்தது, பாத்திரம் கழுவும் நீர் அந்த மூலையிலேயே சொட்டிக்கொண்டிருந்தது. காற்று அள்ளி வந்த மணல் அடிச்சட்டத்தை மூடிக் கிடந்தது. மணலை ஒதுக்கிவிட்டுத் திருப்புளியால் குத்தினேன், அது பிடி வரை உள்ளே போனது. “என்ன மனே, சித்திரைக்குத்தானே பெயின்ற் அடிச்ச” என்றார் அம்மா. உண்மைதான், வெளிச்சுவர் பளபளவென்றுதான் இருந்தது.

கொள்கலனைத் துருப்பிடிக்காத இரும்பு என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அது செம்பும் குரோமியமும் சிறிதளவு கலந்த எஃகு. நனைந்தும் காய்ந்தும் வரும் இடத்தில் அதன் துரு இறுகிய தோலாகப் படிந்து உள்ளிரும்பைக் காக்கும். உப்புக் காற்றிலும், எப்போதும் ஈரமாயிருக்கும் மணலுக்குள்ளும் அந்தத் தோல் நிலைப்பதில்லை, அடுக்கடுக்காக உரிந்துகொண்டே போகும். ஆகவே நான்கு மூலைகளுக்கும் கொங்கிறீற்றுத் தூண் வைத்து, ஓர் ஆள் தவழ்ந்து போகுமளவுக்கு, குறைந்தது ஒன்றரை அடி உயர்த்துங்கள். அழகுக்காகச் சுற்றிவரக் கல் கட்டி அடைப்பதாயின் காற்றுக்கு வழி விடுங்கள்.

கூரைத் தகட்டின் தடிப்பு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் மட்டுமே. அதன் நடுவில் ஏறி நின்றால் குழி விழும், குழியில் நீர் தேங்கும், தேங்கிய இடம் பொத்துப் போகும். துருவின் மேல் சிலிக்கன் பூசுவது சல்லியைக் கடலில் போடுவதற்குச் சமன், ஏனெனில் அது பிடித்திருப்பது இரும்பை அல்ல, உதிரப்போகும் துருவை. யன்னலுக்காக நெளிசுவரை வெட்டுபவர்கள், வெட்டிய விளிம்பைச் சுற்றி இரும்புச் சட்டத்தை வெல்டிங்கால் ஒட்டாமல் விட்டால் அதன் மேற்பகுதி தொய்ந்து, அங்கிருந்தும் நீர் இறங்கும்.

வெறுமையான 20 அடிக் கொள்கலன் இரண்டேகால் தொன் அளவு இருக்கும் என்பதால் அதனை எதுவும் அசைக்காது என்று பலர் நம்புகிறார்கள். அதன் தளம் ஏறத்தாழ 15 சதுர மீற்றர். கதவிடுக்கால் நீர் புகாதிருந்தால், தளத்துக்கு மேல் அரையடி வெள்ளம் ஏறியதும் அது மிதக்கத் தொடங்கும். வாவிக்கரைத் தாழ்நிலங்களில் இதை மறக்கக் கூடாது. காற்றோ, 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை நினைவில் வைத்திருக்கும் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. நடமாடும் வீடுகள் மலிந்த அமெரிக்காவில், 1992இல் வந்த அன்ட்ரூ சூறாவளி அவ்வீடுகளை நொறுக்கிய பின்னர், 1994இல் அவற்றுக்கான காற்றுத்தாங்கு விதிகள் கடுமையாக்கப்பட்டன. இங்கே நாமாகத்தான் செய்துகொள்ள வேண்டும்: நான்கு மூலைகளையும் தூண்களில் பதித்த இரும்புத் தகடுகளோடு ஒட்டுங்கள் அல்லது போல்ற் இட்டு இறுக்குங்கள். கொள்கலனுக்குப் பதிலாக, இரு மெல்லிய சுவர்த் தகடுகளுக்கிடையில் பஞ்சு வைத்துச் செய்த இலேசான கூடங்களுக்கு இது இன்னும் அவசியம்.

இனி உயிராபத்தானவை இரண்டு. வீடே இரும்பு என்பதால், வயரின் தோல் ஓரிடத்தில் உரிந்தாலும் சுவர் முழுவதும் மின் பாயும். இரும்புச் சுவரை நிலத்தோடு இணைக்கும் கம்பியும், மின் கசிந்தால் தானாகவே துண்டிக்கும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச்சும் இல்லாத கொள்கலனில் குழந்தைகளைப் படுக்க வைக்க நான் சம்மதியேன். அடுத்தது, உட்சுவரில் வெப்பம் தடுக்கப் பஞ்சு ஒட்டியிருந்தால், அதனை அகற்றாமல் வெளிப்பக்கம் வெல்டிங் செய்யக் கூடாது. அந்தப் பஞ்சு உள்ளுக்குள் புகைந்து நச்சுப்புகையைக் கக்கும். வெளியே நின்று ஒட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது.

அம்மாவின் கொள்கலனை ஜக் வைத்து மூலை மூலையாக உயர்த்தினோம். துருப்பிடித்த சட்டத்தை நல்ல இரும்பு வரும் வரை வெட்டி, புதுத் தகடு ஒட்டி, நாகம் கலந்த முதற்பூச்சும் அதன் மேல் எபொக்சி இரண்டு தடவையும் பூசினோம். கழிவுநீர்க் குழாயை எட்டடி தள்ளிக் குழியில் விட்டோம். கதவைத் தொடவேயில்லை, தானாகவே பூட்டிக்கொண்டது.