பூட், துவக்கு, தொடக்கு

காலில் மாட்டும் பூட்ஸும், இயக்கியதும் கணினி எழுந்து ‘பூட்’ ஆவதும் ஒரே சொல்தான். உயரமான தோல் காலணியின் வாய்ப்பகுதியில் தைத்திருக்கும் வாருக்கு ஆங்கிலத்தில் ‘பூட்ஸ்ட்ராப்’ என்று பெயர். காலை நுழைத்து, அந்த வாரைப் பிடித்து இழுத்தால் காலணி ஏறிவிடும். தன் காலணி வாரைத் தானே இழுத்துத் தன்னையே மேலே தூக்குவது என்பது, நடக்கவே நடக்காத காரியத்துக்கு 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சொல்லப்பட்ட உவமை. 1950-களில் அது கணினிக்காரர்களின் கைக்கு வந்தது; ‘பூட்’ என்பது அந்த ‘பூட்ஸ்ட்ராப்’பின் சுருக்கம். அவர்கள் முன் நின்ற சிக்கலும் அதே மாதிரியானது. நினைவகத்தில் நிரலை ஏற்ற ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை யார் ஏற்றுவது?

1952-இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 701-இல் ‘லோடு’ பொத்தானை அழுத்தினால், துளையட்டையிலிருந்தோ நாடாவிலிருந்தோ 36 பிட் நீளமுள்ள ஒரே ஒரு தரவுச்சொல் உள்ளே வரும். அதன் முற்பாதியான 18 பிட்டை இயந்திரம் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். மேலும் சில தரவுச்சொற்களைக் கொண்டுவா என்பதே பெரும்பாலும் அந்தக் கட்டளை. சிறியது சற்றே பெரியதை இழுத்துவரும், அது இன்னும் பெரியதை இழுத்துவரும். இன்றைய கணினியும் இப்படிப் படிப்படியாகத்தான் எழுகிறது.

தமிழில் ‘பூட்’ என்றே எழுதலாமே என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கைபேசித் திரையைப் பூட்டு, கோப்பைப் பூட்டு என்று நாம் அன்றாடம் எழுதுகிறோம். ‘கணினி பூட்டாகிவிட்டது’ என்ற தொடரைப் படிப்பவர் அது இயங்கத் தொடங்கியது என்று கொள்வாரா, முடங்கியது என்று கொள்வாரா? ‘துவக்கு’ என்பதும் கணினித் தமிழில் புழங்குகிறது. இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றும் சிறு நிரலான ‘பூட்லோடரை’ ‘துவக்க ஏற்றி’ என்று மொழிபெயர்ப்புகளில் பார்த்திருப்பீர்கள். ஆனால் இலங்கைத் தமிழில் துவக்கு என்றால் துப்பாக்கி. துப்பாக்கியை நினைவூட்டாத சொல் கையில் இருக்கும்போது அதை ஏன் விடவேண்டும்? ‘தொடக்கு’ என்பதே என் தேர்வு. தொடு, தொடர், தொடங்கு என்ற வரிசையோடு அது இயல்பாக ஒட்டும். ஒன்றையொன்று தொட்டுத் தொடர்ந்து எழும் செயலுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. பூட்லோடருக்குத் தொடக்கேற்றி, ரீபூட்டுக்கு மீள்தொடக்கம்.

தொடக்கம் ஒரே நொடியில் முடிவதன்று என்பது பிடிபட்டால், தொடக்கநேர வன்பொருள் அமைப்புகளை (செட்டிங்குகளை) எங்கே எழுதுவது என்ற குழப்பமும் தெளியும். லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினியில், எந்தப் படிக்கு அந்தச் செய்தி தெரியவேண்டுமோ அந்தப் படி படிக்கும் கோப்பில் எழுதவேண்டும்.

ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகையில், உணரி போன்ற சிறு சாதனங்களை இணைக்கும் ஐ2சி இணைப்பைத் திறக்கவேண்டும் என்று கொள்வோம். அங்கே லினக்ஸ் விழிக்கும் முன்பே, வன்பொருளோடு வரும் அடிப்படை நிரலான ஃபர்ம்வேர் விழித்து, ‘கான்ஃபிக்.டெக்ஸ்ட்’ கோப்பைப் படித்துவிடுகிறது. ராஸ்பெரி பை இயங்குதளத்தின், 2023-இல் வந்த ‘புக்வோர்ம்’ பதிப்பிலிருந்து அந்தக் கோப்பு, பூட் அடைவுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் அடைவில் இருக்கிறது. அதற்கு முன்பு பூட் அடைவிலேயே இருந்தது. பழைய இடத்தில் இப்போது அதே பெயரில் ஒரு கோப்பைத் திறந்தால், ‘இதைத் திருத்தாதீர்கள், கோப்பு இடம் மாறிவிட்டது’ என்ற அறிவிப்புத்தான் கண்ணில் படும். பழைய வழிகாட்டியைப் பார்த்து அங்கே எத்தனை வரி எழுதினாலும் ஃபர்ம்வேர் அதைப் பார்ப்பதே இல்லை.

மேசைக் கணினியில், லினக்ஸின் கருநிரலான கெர்னலிடமே சொல்லவேண்டியதைத் தொடக்கேற்றி வழியாகச் சொல்லவேண்டும். திரை இருண்டுபோகும்போது சேர்க்கும் ‘நோமோட்செட்’ என்ற விருப்பம் அந்த வகை. லினக்ஸ் வகைகளான டெபியனிலும் உபுண்டுவிலும், ஈ.டி.சி. அடைவின் ‘டிஃபால்ட்’ பகுதியிலுள்ள கிரப் கோப்பில் (கிரப் என்பது அங்குள்ள தொடக்கேற்றியின் பெயர்) அதை எழுதி, ‘அப்டேட்-கிரப்’ கட்டளையையும் இயக்கவேண்டும். இரண்டாவதை மறந்தால் முதலாவது வெறும் எழுத்து.

ஒரு வன்பொருள் இயக்கிக்கு (டிரைவருக்கு) மட்டும் உரிய விருப்பங்கள் ‘மாட்புரோப்.டி’ அடைவுக்குப் போகும். இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கோப்பில் சரியாகத்தான் எழுதியிருப்பார்கள். ஆனாலும் மாற்றம் தெரியாது. அந்த இயக்கி, தொடக்கத்தின் முற்பகுதியில் ஏறும் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ தொகுப்புக்குள்ளேயே இருப்பதுதான் காரணம். தொகுப்பில் விருப்பங்களின் பழைய நகல்தான் இருக்கும். டெபியனில் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ கட்டளையால் அதைப் புதுப்பிக்கவேண்டும்.

சாதனம் தலைகாட்டிய பிறகு அதற்குப் பெயரும் அனுமதியும் தருவது, லினக்ஸின் சாதன மேலாளரான ‘யூடெவ்’ விதிகளின் வேலை. இவற்றைச் சோதிக்க மீள்தொடக்கம் தேவையில்லை: விதிகளை மறுபடி படிக்கச் சொல்லி, சாதனத்தைக் கழற்றிச் செருகினால் போதும். இயக்கி விருப்பத்தை மாற்றியிருந்தால், அந்த இயக்கி பயன்பாட்டில் இல்லாதவரை அதை இறக்கி ஏற்றலாம். கான்ஃபிக்.டெக்ஸ்ட்டையோ கிரப் கோப்பையோ தொட்டவர்தான் முழுவதுமாக மீள்தொடக்கவேண்டும்.