நெஞ்சுக்குள் புடைத்து நிற்கும் நாடி

இரவு, ஏ9 வீதி. குறுக்கே வந்த மாட்டோடு கார் மோதியிருக்கிறது. ஓட்டி வந்தவருக்கு நெஞ்சில் ஸ்டியரிங் அடித்த கண்டல் மட்டுந்தான். எழும்பி நடக்கிறார், கதைக்கிறார். இவருக்கும் பெருநாடி, அதாவது இதயத்திலிருந்து உடலெங்கும் குருதி கொண்டுபோகும் பெரிய குழாய், கிழிந்திருக்கலாம். உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிட வேண்டும்.

பெருநாடியின் வளைவு இதயத்தோடு சேர்ந்து அசையும். முதுகுப்பக்கம் இறங்கும் பகுதியோ முள்ளந்தண்டோடு ஒட்டிக் கிடக்கும். வாகனம் சடுதியாக நிற்க, அசையும் பகுதி முன்னே பாய்கிறது, ஒட்டிய பகுதி வராது. பெரும்பாலும் இடது கைக்கான நாடி பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே கிழிவு விழும். நாடிச் சுவரின் மூன்று படைகளும் அறுந்தவர்களில் அநேகர் வீதியிலேயே இறந்துவிடுவர். உள்ளிரு படை கிழிந்து வெளிப்படை தாங்கினால், டயர் வெடிப்பால் ரியூப் புடைப்பதுபோல நாடி புடைத்து நிற்கும்.

புடைத்த ரியூபுக்குக் காற்றடிக்கக் கூடாது. குருதி அமுக்கம் விழுந்ததென்று சேலைனை லீற்றர் கணக்கில் ஏற்றுவதுதான் ஆபத்தான பிழை. உயிரோடு வந்து சேர்ந்தவரின் அமுக்கம் விழுந்தால், பெரும்பாலும் வயிற்றிலோ இடுப்பெலும்பிலோதான் குருதி போகிறது. அதைத் தேடி முதலில் நிறுத்த வேண்டும்.

குருதிப்போக்கு இல்லாதவருக்கு மேல் அமுக்கத்தை 100 முதல் 120க்குள்ளும் நாடித்துடிப்பை 100க்குக் கீழும் வைத்திருக்க வேண்டும். அதற்கு இதயத்துடிப்பைத் தணிக்கும் லபெற்றலோல் போன்ற பீற்றா தடுப்பு மருந்தை முதலில் தொடங்க வேண்டும். குருதிக்குழாயை விரிக்கும் மருந்தை மட்டும் கொடுத்தால் இதயம் வேகமெடுத்து ஒவ்வொரு துடிப்பும் கிழிவில் மோதும். நோவை அடக்குவதும் வாந்தியைத் தடுப்பதும் இதே வேலைதான். தலையிலும் அடி இருந்தால் கணக்கு மாறும். மூளைக்கு அந்த அமுக்கம் போதாமல் போகும்.

எக்ஸ்ரேயில் நெஞ்சின் நடுநிழல் 8 சென்ரிமீற்றருக்கு மேல் அகன்றால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் படம் நன்றாயிருக்கிறதென்று ஆளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. சாயமேற்றிய சி.ரி. ஸ்கான்தான் முடிவு சொல்லும்.

உட்படையில் மட்டும் சிறு கிழிவென்றால் மருந்தும் மறு ஸ்கானும் போதும். புடைப்பு இருந்தால், தொடைநாடி வழியாகத் துணி போர்த்த உலோக வலைக்குழாயை ஏற்றி உள்ளிருந்து மூடுவார்கள். முழுதாக வெடித்திருந்தால் உடனே. மற்றவர்களில் வேறு காயங்களைச் சரிசெய்து, ஒரு நாள் கழித்துச் செய்வதே பலருக்கு நல்லது. அந்த வலைக்குழாயால் இடது கைநாடி மூடுபட்டால் கை குளிரும். முண்ணாணுக்குக் குருதி குறைந்தால் கால்கள் சோரும். ஆகவே மயக்கம் தெளிந்ததும் கால்விரலை அசைக்கச் சொல்லிப் பார்ப்பார்கள்.

நோயாளியைக் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால் ஏறக்குறைய 70 கிலோமீற்றர் ஓட்டம். ஏற்றி அனுப்பும் கடிதத்தில் இரு கைகளின் அமுக்கமும் கடைசி மருந்து ஏற்றிய நேரமும் இருக்க வேண்டும். மருந்து பம்பின் பற்றரி அந்த ஓட்டம் முழுதும் தாங்குமா என்பதை அம்புலன்ஸ் புறப்படுமுன் பார்க்க வேண்டும்.