புதிய வீடுகளுக்கான கோரிக்கையும் ஊடகத் தொடர்பும்

அமெரிக்க நகரங்களில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கான விண்ணப்பம் நகர மன்றத்தின் முன் வரும்போதெல்லாம், மறுநாள் உள்ளூர் நாளிதழில் ஏறக்குறைய ஒரே தலைப்புதான் வருகிறது: "புதிய கட்டடத்துக்குக் குடியிருப்போர் எதிர்ப்பு." அந்தச் செய்தியில் பொய் எதுவும் இல்லை. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வந்து மைக்கின் முன் நின்றவர்களில் பெரும்பாலோர் எதிர்த்துத்தான் பேசியிருப்பார்கள். நிருபரும் கேட்டதைத்தான் எழுதியிருப்பார். ஆனால் அந்தக் கட்டடம் எழுந்தால் அதில் குடியேறப் போகிறவர்கள் யார் என்று அன்றைக்கு எவருக்கும் தெரியாது. யாரென்றே தெரியாதவர்களைப் பேட்டி காண முடியாது. புதிய வீடுகள் கட்டப்பட வேண்டும் என்று வாதாடும் வீட்டுவசதி அமைப்புகளுக்காக ஊடகத் தொடர்பைக் கவனித்துவரும் என் போன்றவர்களுக்கு முதன்மையான வேலை இந்த இடைவெளியை நிரப்புவதே.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்கு ஆதாரம் உண்டு. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 97 ஊர்களில் நடந்த திட்டக் குழுக் கூட்டங்களின் குறிப்பேடுகளை எடுத்து, பேசியவர்களின் பெயர்களை வாக்காளர் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பேசியவர்களில் வயதில் மூத்தவர்களும், ஆண்களும், சொந்த வீடு உள்ளவர்களும், நெடுங்காலம் அங்கேயே வாழ்ந்தவர்களும், ஊரின் மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிடக் கூடுதலாக இருந்தார்கள். பேசப்பட்ட கருத்துகளில் புதிய வீடுகளை ஆதரித்தவை ஏறத்தாழ 15 விழுக்காடு மட்டுமே. ஒரு நிருபரிடம் நான் முதலில் பேச நேர்ந்தால், எங்கள் அமைப்பின் நோக்கங்களை விளக்குவதைவிட இந்த ஒரு செய்தியைச் சொல்லவே விரும்புவேன். கூட்டத்துக்கு வந்தவர்களையே ஊர் என்று எழுதுவது சரியா என்ற கேள்வி, செய்தியாளரின் தொழில் மனசாட்சியை நேரடியாகத் தொடும் கேள்வி.

அடுத்தது நேரம். புதிதாக இந்தப் பணிக்கு வருகிறவர்கள் செய்திக்குறிப்பின் மொழியை மெருகேற்றுவதில் காட்டும் அக்கறையை நாள்காட்டியில் காட்டுவதில்லை. கலிபோர்னியாவின் பிரவுன் சட்டப்படி, உள்ளாட்சி மன்றங்கள் வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைக் குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன்னால் பொதுவில் ஒட்ட வேண்டும். சிறப்புக் கூட்டமென்றால் 24 மணி நேரம் போதும். செவ்வாய்க்கிழமை மாலை 7 மணிக்குக் கூட்டம் என்றால், சனிக்கிழமை மாலை 7 மணிக்குள் நிரல் வெளியாகியிருக்க வேண்டும். இடையில் வாரக்கடைசி, செய்தி அறையில் பாதிப் பேர் விடுப்பில் இருப்பார்கள். திங்கட்கிழமை காலையில் நிரலைத் திறக்கும் நிருபருக்கு, ஒரு கட்டடத்தைப் பற்றி எழுத மிஞ்சுவது ஒன்றரை நாள். அதே ஒன்றரை நாளில் அவர் பள்ளி வாரியத்தையும் ஒரு தீ விபத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டியிருக்கலாம். அந்த நெருக்கடியில் அவர் கையில் உடனே கிடைப்பது எதிர்ப்பாளர்கள் அனுப்பிய மின்னஞ்சல்களே. ஆகவே விண்ணப்பம் திட்டக் குழுவின் பரிசீலனையில் இருக்கும்போதே, அதாவது வாக்கெடுப்புக்குப் பல வாரங்கள் முன்னரே, கட்டடத்தின் வரைபடம், மனையின் இப்போதைய நிலையைக் காட்டும் புகைப்படம், எத்தனை வீடுகள், அவற்றில் குறைந்த வருமானத்தினருக்கு எத்தனை, பேசத் தயாராக இருப்பவர்களின் தொலைபேசி எண்கள் ஆகிய அனைத்தையும் ஒரே பக்கத்தில் அடக்கி நிருபருக்கு அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம். உடனே செய்தி வராது. வாக்கெடுப்பு நெருங்கும்போது அவர் தேடியெடுப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

பேசத் தயாராக இருப்பவர்களைக் கண்டுபிடிப்பதும் பக்குவப்படுத்துவதும் இந்த வேலையின் மிகக் கடினமான பகுதி. இரவுப் பணி செய்யும் செவிலியர் ஒருவரை ஒருமுறை பேட்டிக்குத் தயார்செய்தோம். நாங்கள் கொடுத்த குறிப்பைப் படித்துவிட்டு, "வீட்டுப் பற்றாக்குறை ஒரு கட்டமைப்புச் சிக்கல்" என்று அவர் தொடங்கினார். குறிப்பை வாங்கி வைத்துவிட்டு, வேலை முடிந்து எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேருகிறீர்கள் என்று மட்டும் கேட்டோம். காலை ஏழரைக்குப் பணி முடிந்து, போக்குவரத்து நெரிசலில் வண்டியோட்டி, தூக்கம் வராமல் இருக்க ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்பதரைக்கு வீடு சேருவதாகச் சொன்னார். மருத்துவமனைக்கு எதிரில் காலியாகக் கிடக்கும் வாகன நிறுத்துமிடத்தில்தான் அந்தக் குடியிருப்பைக் கட்ட விண்ணப்பித்திருந்தார்கள். அவர் வேறெதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

இத்தகையவர்களை முன்னிறுத்தும்போது ஒரு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. வாடகைதாரர் பேசுவதை அவருடைய வீட்டு உரிமையாளரும் படிப்பார். பெயர் வெளிவரலாமா, தெருவைக் குறிப்பிடலாமா என்பதை முன்கூட்டியே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பேசி முடித்த பிறகு "இதைப் போடாதீர்கள்" என்றால் அமெரிக்க நிருபர் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை; எது பதிவுக்கு (பெயருடன் வெளியிட), எது பின்னணித் தகவலுக்கு (பெயரின்றிப் பயன்படுத்த) என்பதைப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே இருதரப்பும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இதை நன்கு அறிந்த நாம், அறியாத ஒருவரை எச்சரிக்காமல் மைக்கின் முன் அனுப்புவது நியாயமாகாது.

புள்ளிவிவரங்களில் என் அனுபவம் சற்றுக் கசப்பானது. மினியாபொலிஸ் நகர மன்றம் 2018 டிசம்பரில் 12-க்கு 1 என்ற வாக்குகளில் ஒரு நீண்டகாலத் திட்டத்தை ஏற்றது. ஒரு மனையில் ஒரே ஒரு குடும்ப வீடுதான் கட்டலாம் என்றிருந்த பகுதிகளில் மூன்று வீடுகள் வரை கட்ட அது வழிவிட்டது. முதல் வரைவில் நான்காக இருந்ததைக் கடும் எதிர்ப்புக்குப் பின் மூன்றாகக் குறைத்திருந்தார்கள். எதிர்ப்பாளர்கள் "எங்கள் வட்டாரங்களை இடிக்காதீர்கள்" என்ற சிவப்புப் பலகைகளை வாசல்தோறும் நட்டிருந்தார்கள். அந்த நகரம் தனி வீடுகளையே ஒழித்துவிட்டது என்ற நினைப்பு இன்றும் பலரிடம் இருக்கிறது. உண்மையில் தனி வீடு கட்ட எந்தத் தடையும் வரவில்லை. தனி வீடு மட்டுமே கட்ட வேண்டும் என்ற கட்டாயம்தான் போயிற்று. இதற்கு நேர்மாறான மிகைப்படுத்தல் ஆதரவாளர்கள் தரப்பிலும் உண்டு. 2017 முதல் 2022 வரை அந்நகரில் வீடுகளின் எண்ணிக்கை 12 விழுக்காடு கூடியபோது வாடகை 1 விழுக்காடு மட்டுமே ஏறியது என்றும், மாநிலத்தின் பிற பகுதிகளில் வீடுகள் 4 விழுக்காடு கூட, வாடகை 14 விழுக்காடு ஏறியது என்றும் பியூ அறக்கட்டளை 2024-இல் வெளியிட்டது. மிக வலுவான ஒப்பீடு இது. ஆனால் இந்த வளர்ச்சிக்குக் காரணம் மூன்று வீட்டு மனைகள் என்று சொல்லிவிட்டால், அடுத்த நாளே ஒரு நல்ல நிருபர் நம்மைப் பிடித்துவிடுவார். அப்படிக் கட்டப்பட்டவை மிகச் சிலவே. பெரும்பாலான வீடுகள் பேருந்துத் தடங்களை ஒட்டிய பெரிய அடுக்குமாடிகளிலும், வீடுகளோடு வாகன நிறுத்துமிடமும் அமைக்க வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்த இடங்களிலும் எழுந்தவை. மூலத்தைச் சரியாகச் சொல்லாத எண் நமக்கே வினையாகும்.

ஊடக வெளிச்சத்துக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். கலிபோர்னியாவில் ரயில் நிலையங்களையும் பேருந்துத் தடங்களையும் சுற்றி உயரமான குடியிருப்புகளை அனுமதிக்க, 2018 தொடக்கத்தில் செனட்டர் ஸ்காட் வீனர் எஸ்பி 827 என்ற மசோதாவைக் கொண்டுவந்தார். நாடு முழுவதும் பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதின. இப்படிப்பட்ட கவனம் ஒரு மாநில மசோதாவுக்குக் கிடைப்பது அரிது. அந்த ஆண்டு ஏப்ரலிலேயே அதைப் பரிசீலித்த முதல் செனட் குழுவில் அது தோற்றது. வாடகை உயர்வால் தாங்கள் வெளியேற்றப்படுவோம் என்று அஞ்சிய வாடகைதாரர் அமைப்புகள் எதிர்த்து நின்றதும் அதற்கு ஒரு காரணம். அடுத்து வந்த எஸ்பி 50-உம் 2020 ஜனவரியில் செனட்டில் விழுந்தது. அதே நோக்கத்துடன் வந்த எஸ்பி 79-இல் ஆளுநர் கையெழுத்திட்டது 2025 அக்டோபரில். வாடகைதாரர்களைச் சந்திக்கும் முன் பத்திரிகை ஆசிரியர்களைச் சந்திக்கும் அமைப்புக்கு எத்தனை தலையங்கம் வந்தாலும் பயனில்லை என்பதே என் கருத்து. என் தொழிலில் உள்ள சிலர் இதை ஏற்கமாட்டார்கள்.

நடுப்பக்கக் கட்டுரை, ஆசிரியருக்குக் கடிதம் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடிதத்தை 150 முதல் 200 சொற்களுக்குள் முடித்து, ஏற்கெனவே வெளியான ஒரு செய்தியைக் குறிப்பிட்டு அனுப்பினால் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடும். நகர மன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களில் இந்தக் கடிதங்களைக் கவனமாகப் படிக்கிறார்கள்.

நிருபர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் பணத்தைப் பற்றியது: உங்களுக்கு நிதி தருவது யார்? கட்டுமான நிறுவனத்திடம் நன்கொடை வாங்கியிருந்தால், அவர் கேட்கும் முன்னரே நாமே சொல்லிவிட வேண்டும். பிறர் சொல்லித் தெரியவந்தால் அந்த நிருபர் அதன் பிறகு நம்மை நம்பமாட்டார். மேலும் அமெரிக்க வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவின்கீழ் வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் ஓர் எல்லைக்குள் மசோதாக்களை ஆதரித்துப் பேசலாமே தவிர, எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. தேர்தல் காலத்தில் அவசரத்தில் எழுதும் செய்திக்குறிப்பில் ஒரு வேட்பாளரைப் புகழும் ஒற்றை வாக்கியம்கூட அமைப்பின் தகுதியைக் கேள்விக்குள்ளாக்கும் என்பதால், அத்தகைய குறிப்புகளை வழக்கறிஞர் ஒருவர் பார்த்த பிறகே அனுப்புகிறோம்.

அனுமதி கிடைத்த அன்றோடு பல அமைப்புகள் அந்தக் கட்டடத்தை மறந்துவிடுகின்றன. எதிர்த்தவர்கள் சொன்ன போக்குவரத்து நெரிசலும் பள்ளி நெருக்கடியும் உண்மையில் வந்தனவா என்பதை, வீடுகள் நிரம்பிய பிறகு எவரும் திரும்பிச் சென்று எழுதுவதில்லை. கூட்டத்தில் பதிவான அச்சங்களைப் பட்டியலாக எடுத்து வைத்து, மக்கள் குடியேறி ஓராண்டான பின் நகராட்சியின் போக்குவரத்துக் கணக்கையும் பள்ளிச் சேர்க்கை எண்ணையும் அதோடு சேர்த்து, முதலில் அந்தச் செய்தியை எழுதிய நிருபருக்கே அனுப்பலாம். எதிர்ப்பாளர்கள் சொன்னதில் ஒன்று சரியாக இருந்திருந்தால் அதையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.