பதக்கத்தைப் பார்த்துப் பயிற்றுவிப்பாளரைத் தேர்ந்தெடுக்கலாமா?

"அவர் தேசிய அணிக்கு ஆடியவர், அவருக்குத் தெரியாததா?" முழங்கால் வலி என்று பிள்ளையை என்னிடம் அழைத்து வரும் பெற்றோர் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். விளையாட்டுத் திறனைக் காட்டி உயர்நிலைப் பள்ளியில் இடம்பெற உதவும் நேரடிப் பள்ளிச் சேர்க்கையை மனத்தில் வைத்து, தொடக்கநிலை 4, 5-லேயே தனிப் பயிற்சிக்கு அனுப்பிவிடுகிறார்கள். யாரிடம் அனுப்புவது என்று வரும்போது பெயர்தான் முதலில் கண்ணில் படுகிறது. விளையாட்டுக் காயங்களைக் கவனிக்கும் பிசியோதெரபிஸ்ட்டாக, அந்தப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம் என்பேன்.

நல்ல வீரரின் உடல் பல வேலைகளைத் தானாகவே செய்துவிடும். பந்து வருவதற்குள் கால் எங்கே போக வேண்டும் என்று அவர் யோசிப்பதே இல்லை. பத்து வயதில் அதை எப்படிக் கற்றார் என்று கேட்டால் பெரும்பாலும் அவருக்கு நினைவிருக்காது. பிள்ளை தடுமாறினால் "இப்படிச் செய்" என்று தானே செய்து காட்டுவார். பிள்ளைக்கு அது போதாது. ஓர் அசைவைப் படிப்படியாகப் பிரித்து, எந்தப் படியில் தவறுகிறது என்று கண்டுபிடிப்பதைத் தனியாகக் கற்க வேண்டும்.

பெரிய பெயர்களுக்கும் இது பொருந்தும். பிரெஞ்சுக் காற்பந்து நட்சத்திரம் தியரி ஹென்றி 2018 அக்டோபரில் மொனாக்கோ அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளரானார். 20 ஆட்டங்களில் 4 வெற்றிதான், அடுத்த ஜனவரியிலேயே வெளியேறினார். இன்னொரு பிரெஞ்சு நட்சத்திரமான ஜிடானோ முதலில் ரியால் மாட்ரிட் அணியில் பயிற்றுவிப்பாளர் அன்செலோட்டியின் உதவியாளராக இருந்தார், அப்புறம் அதன் இரண்டாம் அணியைப் பயிற்றுவித்தார். அதன் பிறகுதான் 2016 முதல் 2018 வரை தொடர்ந்து மூன்று சாம்பியன்ஸ் லீக் கிண்ணங்கள்.

நம் சிங்கப்பூரில் முன்னாள் காற்பந்து நட்சத்திரம் வி.சுந்தரமூர்த்தி பல ஆண்டுகள் உள்ளூர் அணிகளைப் பயிற்றுவித்த பிறகே 2013-இல் லயன்ஸ்XII அணியோடு மலேசிய சூப்பர் லீக்கை வென்றார். 2016-இல் ரியோ ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்ற ஜோசப் ஸ்கூலிங்கை உருவாக்கியவர்களில் செர்ஜியோ லோப்பெஸ் 1988 சோல் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். இன்னொருவரான எடி ரீஸ் நீச்சல் வீரராக ஒலிம்பிக்குக்குப் போனதே இல்லை. இருவருமே பல ஆண்டுகள் பயிற்றுவித்துத் தேர்ந்தவர்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது பிள்ளைகளின் உடல்தான். வளரும் வயதில் எலும்பு வேகமாக நீளும்; தசையால் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் இறுகும். முழங்கால் சில்லுக்குக் கீழே தசைநாண் எலும்போடு சேரும் இடம் அப்போது இன்னும் முழுதாகக் கெட்டிப்பட்டிருக்காது. ஓட்டமும் குதிப்பும் உதைப்பும் அளவுக்கு மீறினால் அங்கே புடைத்து வலிக்கும். இதற்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர். குதிகாலில் இதே போன்று வருவது சீவர்ஸ். இரண்டுமே பயிற்சியைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடக்கூடியவை. ஆனால் "நானும் வலியோடுதான் ஆடினேன்" என்பவரிடம் பிள்ளை மாட்டிக்கொண்டால் ஓய்வு கிடைக்காது. அவர் உடல் தாங்கியதால்தான் அவர் நட்சத்திரம் ஆனார். அதே பயிற்சியில் தாங்காமல் விலகிய அவருடைய நண்பர்களை நாம் பார்ப்பதில்லை.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி செய்யலாம்? பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. பத்து வயது என்றால் பத்து மணி நேரம். பள்ளியின் இணைப்பாட நடவடிக்கை, கழகப் பயிற்சி, தனி வகுப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். சில பிள்ளைகளுக்கு வியாழக்கிழமையே அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. இந்தக் கூட்டுத்தொகையைத் தானாகக் கேட்கும் பயிற்றுவிப்பாளர் மீது எனக்கு உடனே மரியாதை வரும்.

முன்னாள் வீரர்களை ஒதுக்கச் சொல்லவில்லை. போட்டிக்கு முந்தைய இரவின் பதற்றத்தை அவர்களைப் போல வேறு யார் புரிந்துகொள்வார்கள்? அவர்களும் படித்துவிட்டு வரட்டும், அவ்வளவுதான். ஸ்போர்ட் சிங்கப்பூரின் தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவகத்தில் சேர எஸ்ஜி-கோச் எனும் பயிற்றுவிப்பாளர் பயிற்சியும் முதலுதவிச் சான்றிதழும் வேண்டும். பதிவு செய்திருக்கிறாரா, இதே வயதுப் பிள்ளைகளை எவ்வளவு காலம் பயிற்றுவித்திருக்கிறார், வலி என்றால் என்ன செய்வார் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம், நல்லவர்கள் கோபப்பட மாட்டார்கள்.

ஏற்கெனவே பயிற்சிக்குப் போகும் பிள்ளை நொண்டினாலோ, இரவில் வலியால் விழித்தாலோ, ஒரே இடத்தில் இரண்டு வாரம் வலி நீடித்தாலோ, அடுத்த வகுப்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.