வண்டிச் சாவியைக் கொடுத்தவரின் பொறுப்பு: வெளிநாட்டு உரிமமும் காப்பீடு இல்லாத வாகனமும்

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் நீதிமன்ற அறிவிப்பு ஒன்றுடன் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். அவர் யார் மீதும் வண்டியை மோதியவரல்லர். விபத்து நடந்த நாளில் அவர் ஊரிலேயே இல்லை. வளைகுடா நாட்டிலிருந்து ஒரு மாத விடுப்பில் வந்திருந்த மைத்துனரிடம் கார் சாவியைக் கொடுத்துவிட்டு ஒரு திருமணத்துக்காக வெளியூர் போயிருந்தார். அன்று மாலை புறவழிச்சாலையில் அந்தக் கார் மோதியதில், மொபெட்டில் வந்துகொண்டிருந்த காய்கறி வியாபாரி ஒருவர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே இறந்துபோனார். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அவருடைய குடும்பத்துக்கு 18 லட்சம் ரூபாயும் ஆண்டுக்கு 7.5 சதவீத வட்டியும் வழங்கத் தீர்ப்பளித்தது. காப்பீட்டு நிறுவனம் அந்தத் தொகையைக் கட்டிவிட்டு, அதை ஆசிரியரிடமிருந்து வசூலித்துத் தரும்படி நிறைவேற்று மனு போட்டிருந்தது.

“ஒரு வருஷம்கூட விடாமல் முழு இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறேனே சார்” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால், மைத்துனர் 1998-இல் நம் ஊரில் எடுத்த ஓட்டுநர் உரிமம் 2018-லேயே காலாவதியாகிவிட்டது. வளைகுடா நாட்டு உரிமம் கையில் இருந்ததால், அதுவே இங்கும் செல்லும் என்று அவர் நம்பிவிட்டார். குறுக்கு விசாரணையில் ஆசிரியரிடம் கேட்கப்பட்ட முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்று: “சாவியைக் கொடுக்கும் முன் உரிமத்தை வாங்கிப் பார்த்தீர்களா?” அவர் உண்மையைச் சொன்னார்: “பார்க்கவில்லை.” வழக்கின் போக்கை அந்த ஒற்றைச் சொல்தான் தீர்மானித்தது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, நடப்பில் உள்ள உரிமம் இல்லாமல் பொது இடத்தில் யாரும் வண்டி ஓட்டக் கூடாது என்கிறது. ஓட்டுநர் உரிமம் என்றால் எது என்பதையும் அச்சட்டமே வரையறுத்திருக்கிறது: அதன் இரண்டாம் அத்தியாயத்தின்படி உரிய அதிகாரி வழங்கியதே உரிமம். துபாயிலோ சிங்கப்பூரிலோ லண்டனிலோ பெற்ற அட்டை, அது எத்தனை கடினமான தேர்வுக்குப் பிறகு கிடைத்ததாக இருந்தாலும், அந்த வரையறைக்குள் தானாக வந்துவிடாது. பதினைந்து ஆண்டுகள் அங்கே ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டியவர்களுக்கு இதைக் கேட்கும்போது வருத்தமாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். தீர்ப்பாயத்தின் முன் நிற்கும் கேள்வி அவருடைய திறமையைப் பற்றியதன்று, அன்றைய தேதியில் அவரிடம் இருந்த ஆவணத்தைப் பற்றியது.

வெளிநாட்டிலிருந்து குறுகிய காலத்துக்கு வருவோருக்கான வழி, 1949-ஆம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் கீழ் வழங்கப்படும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டு. இதைப் பற்றி மக்களிடையே உள்ள தவறான எண்ணங்கள் ஏராளம் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தச் சீட்டு, ஒருவர் எந்த நாட்டில் உரிமம் பெற்றாரோ அந்த நாட்டில்தான் கிடைக்கும். துபாய் உரிமத்தை வைத்துக்கொண்டு இங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் போய்க் கேட்டால் கிடைக்காது. இங்கே அதை இந்திய உரிமம் வைத்திருப்பவருக்குத்தான் தருவார்கள், அதுவும் அவர் வெளிநாட்டில் ஓட்டுவதற்காக. எனவே புறப்படும் முன்பே அங்கே வாங்கிக்கொண்டு வர வேண்டும். வழங்கிய நாளிலிருந்து ஓராண்டுதான் அது செல்லும். அது அசல் உரிமத்துக்கு மாற்றும் அன்று. இரண்டையும் சேர்த்தே கையில் வைத்திருக்க வேண்டும். பணம் கட்டிய சில நிமிடங்களில் “இன்டர்நேஷனல் லைசென்ஸ்” அனுப்பிவைப்பதாகச் சொல்லும் இணையதளங்களின் தாளைச் சிலர் என்னிடம் காட்டியிருக்கிறார்கள். அந்தத் தாளுக்கு எந்தச் சட்ட மதிப்பும் கிடையாது.

வாகன வகையையும் பார்க்க வேண்டும். அந்தச் சீட்டில் இருசக்கர வாகனத்துக்கு ஒரு வகை, காருக்கு வேறொரு வகை என்று பிரித்தே முத்திரை இட்டிருப்பார்கள். மாமல்லபுரத்திலும் புதுச்சேரியிலும் காருக்கான முத்திரை மட்டுமே உள்ள வெளிநாட்டுப் பயணிகள் வாடகை மோட்டார் சைக்கிளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போவது சாதாரணக் காட்சி. அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. தானே ஓட்டிக்கொள்ளும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை போட்ட சொந்த வண்டியை நாள் வாடகைக்கு விடும்போது, காப்பீட்டு ஒப்பந்தத்தின் பயன்பாட்டு நிபந்தனையையே உரிமையாளர் மீறுகிறார். நாளொன்றுக்குச் சில நூறு ரூபாய் கிடைக்கும் என்று வண்டியைக் கொடுப்பவர் எத்தனை லட்சத்துக்குப் பொறுப்பேற்கிறார் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

வெளிநாட்டில் வாழும் நம்மவர்களுக்கு நான் சொல்லும் யோசனை எளியது: ஊரில் உங்களுக்கு இந்திய உரிமம் இருந்தால் அதை உயிரோடு வைத்திருங்கள். முன்பு உரிமம் காலாவதியான பிறகும் முப்பது நாள் சலுகை இருந்தது; 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது நீக்கப்பட்டுவிட்டது. காலாவதித் தேதிக்கு ஓராண்டு முன்பிருந்து, அது கடந்து ஓராண்டு வரை புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். ஓராண்டையும் தாண்டிவிட்டால் மறுபடியும் ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். விடுப்பில் வந்த முதல் வாரத்திலேயே பழைய அட்டையின் தேதியைப் பார்த்துவிடுவது நல்லது.

ஆசிரியரின் வழக்கில் காப்பீட்டு நிறுவனம் ஏன் முதலில் பணத்தைக் கட்டியது என்று கேட்கலாம். 2004 ஜனவரியில் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு வகுத்த நெறிதான் காரணம். ஓட்டுநருக்கு உரிமம் இல்லை என்பதை மட்டும் காட்டி நிறுவனம் தப்பித்துவிட முடியாது. உரிமையாளர் தெரிந்தோ, உரிய கவனம் செலுத்தாமலோ அப்படிப்பட்டவரிடம் வண்டியைக் கொடுத்தார் என்பதை நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பித்த பிறகும், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு முதலில் செலுத்திவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம். நீதிமன்ற வட்டாரத்தில் இதை “பே அண்ட் ரெக்கவர்” என்பார்கள். தவறே செய்யாத குடும்பம் ஆண்டுக்கணக்கில் அலையாமல் இருக்க இதைவிட நியாயமான ஏற்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வண்டியின் உரிமையாளர் இதைத் தம்மைக் காக்கும் ஏற்பாடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வசூலுக்குத் தனி வழக்குகூடத் தேவையில்லை. அதே தீர்ப்பின் மீது நிறைவேற்று மனு போட்டால் போதும்.

உரிமையாளர் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்து, அது செல்லுபடியாகும் என்று நம்புவதற்கு இடமிருந்து, பிறகு அது போலி என்று தெரியவந்தால் நிலைமை வேறு. நியாயமான கவனம் செலுத்தியவர் மீது அந்தச் சுமையை ஏற்ற நீதிமன்றங்கள் தயங்குகின்றன. ஆகவே உறவினரானாலும் நண்பரானாலும், உரிமத்தை வாங்கிப் பார்த்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். “மச்சானிடம் போய் லைசென்ஸ் கேட்பதா?” என்ற கூச்சத்தால் ஆசிரியரின் ஓய்வுக்காலச் சேமிப்பே போனது. இதைத் தவிர, உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்ததற்காக உரிமையாளருக்கும், ஓட்டியதற்காக ஓட்டியவருக்கும் தனித்தனியே 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. நொறுங்கிய காரைச் சரிசெய்யக் கேட்ட தொகையையும் நிறுவனம் மறுத்துவிட்டது. சொந்தச் சேதத்தைப் பொறுத்தவரை அதைக் கட்டாயப்படுத்த நம்மிடம் வலுவான வாதம் இல்லை.

காப்பீடே இல்லாத வண்டியின் கதை இதைவிடக் கொடியது. முதலில் செலுத்துவதற்குக்கூட அங்கே யாரும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவின்படி மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது நம் வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்பை ஈடுசெய்யும் காப்பீடு, கட்டாயம். அது இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாயும் அடுத்த முறை 4,000 ரூபாயும் அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. இந்த அபராதத்தை மட்டும் கணக்கிட்டு, “பிடித்தால் கட்டிக்கொள்ளலாம்” என்று இருப்பவர்களை நான் அறிவேன். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 75-க்கு மேல் 150 சி.சி. வரையிலான இருசக்கர வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு வரிக்கு முன் 714 ரூபாய், 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு 2,094 ரூபாய். மூன்றாம் நபரின் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் அந்தக் காப்பீட்டில் தொகை வரம்பே இல்லை. அந்த 714 ரூபாயைக் கட்டாமல் விட்ட ஒருவரின் பூர்வீக வீடு ஏலத்துக்கு வந்த வழக்கில் நான் எதிர்த்தரப்பில், இறந்தவரின் மனைவிக்காக நின்றேன். வீட்டை இழந்தவரின் குழந்தைகளையும் அந்த வீட்டு வாசலில் பார்த்தேன். அன்று கிடைத்த வெற்றியில் எனக்கு மகிழ்ச்சி இல்லை.

வண்டியை விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் விட்டவர்களும் இதே குழியில் விழுகிறார்கள். சட்டத்தின் பார்வையில் பதிவுச் சான்றிதழில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. ஐந்து கை மாறிப் போன பழைய பைக்குக்குக் கடைசியாக வாங்கியவர் காப்பீடு எடுக்கவில்லை என்றால், இழப்பீட்டு அறிவிப்பு முதலில் விற்றவர் வீட்டுக்குத்தான் வரும். வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். மாநிலத்துக்குள் விற்றால் பதினான்கு நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறியதா என்பதை நீங்களே மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். காப்பீடு நடப்பில் உள்ளதா என்பதும் அங்கேயே தெரியும். காலையில் விபத்து, மாலையில் புதுப்பிப்பு என்பது செல்லாது. ஒப்பந்தத்தில் தொடக்க நேரம் மணி, நிமிடத்தோடு அச்சிடப்பட்டிருக்கும்.

உங்களை மோதிய வண்டிக்குக் காப்பீடு இல்லை என்று தெரிந்தால், முதல் வேலையாக அந்த வண்டி காவல் நிலையத்திலிருந்து வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், காப்பீடு இல்லாத வாகனம் விபத்தில் சிக்கினால் உரிமையாளர் போதிய பிணை கொடுக்காமல் அதை விடுவிக்கக் கூடாது என்றும், கொடுக்கத் தவறினால் மூன்று மாதத்துக்குப் பிறகு ஏலம் விட்டுத் தொகையைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்றும் விதிகளில் சேர்க்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆனால் யாரும் எதிர்க்காதபோது வண்டி வழக்கம்போல் வெளியே போய்விடுகிறது என்பதே என் அனுபவம். முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கிய அன்றே, வண்டியை விடுவிக்க வரும் மனுவை எதிர்த்து ஒரு வழக்கறிஞர் மூலம் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் முறையிடுங்கள். தீர்ப்புக்குப் பிறகும் பணம் வரவில்லை என்றால், 174-ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தில் சான்றிதழ் பெற்று, நில வருவாய் பாக்கியைப் போல மாவட்ட ஆட்சியர் மூலம் வசூலிக்கலாம்.

மோதிய வண்டி எதுவென்றே தெரியாமல் போனால் வேறொரு வழி உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தின்படி இறப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசு ஏற்படுத்திய நிதியிலிருந்து கிடைக்கும். முன்பு இது 25,000, 12,500 என்று இருந்தது. இதற்குத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியதில்லை; விபத்து நடந்த வட்டத்தின் விசாரணை அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். வண்டி தெரிந்த வழக்குகளில் மனுவை விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று அதே ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் கூறுகிறது. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், தலைத் திதி முடியட்டும் என்று தள்ளிப்போட்டு வருபவர்களைப் பார்க்கும்போது என் மனம் பதறுகிறது. மருத்துவமனை ரசீதுகளையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் ஓர் உறையில் போட்டு, வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் கொடுத்து அனுப்புங்கள். துக்கத்தில் இருப்பவர் நேரில் வர வேண்டும் என்று நாங்கள் கேட்பதில்லை.