பெயர் எப்படிப் பெருகுகிறது?

ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் நின்று வியக்காதவர் குறைவு. அந்தக் கோயிலை வளர்த்த, ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களின் அரண்மனையான ராமலிங்க விலாசம் ராமநாதபுரத்தில் இருக்கிறது. உள்ளே சுவரெங்கும் ஓவியங்கள். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், மன்னரைச் சந்திக்க வந்த ஐரோப்பியர்கள், ராமாயணக் காட்சிகள் என 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டப்பட்டவை. கோடும் வண்ணமும் அவ்வளவு உயிரோடு இருக்கின்றன. ஆனாலும் ராமேஸ்வரம் போகும் கூட்டத்தில் சிறு பகுதிகூட இங்கே இறங்குவதில்லை. நல்ல படைப்பு தானாகவே பேர் வாங்கிவிடும் என்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை?

பாக் நீரிணையை நீந்திக் கடப்பவரின் திறமையைக் கடிகாரம் சொல்லிவிடும். ஓவியத்துக்கு அப்படி ஒரு கருவி கிடையாது. நமக்கே நிச்சயமில்லாதபோது, மற்றவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று பார்க்கிறோம். புகழ் பெருகத் தொடங்குவது அங்கேதான்.

இதை மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவரும் இணையத்தில் சோதித்தார்கள். முடிவுகள் 2006-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தன. அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்கள். கேட்டவர்கள் 14,000-க்கும் மேல். ஒரு பகுதியினர் பாடல்களை மட்டும் பார்த்தார்கள். மற்றவர்களை எட்டு தனித்தனி 'உலகங்களாக'ப் பிரித்து, தங்கள் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். எட்டிலும் அதே பாடல்கள்தான், எல்லாமே பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கின. ஆனால் வெற்றி பெற்ற பாடல்கள் உலகத்துக்கு உலகம் மாறின. எண்ணிக்கை பார்க்காதவர்களின் கணக்கில் 26-ஆம் இடத்தில் இருந்த ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்தது, இன்னொன்றில் 40-க்குப் போனது. தொடக்கத்தில் தற்செயலாக விழுந்த சில பதிவிறக்கங்கள் அடுத்தவரை இழுத்தன, அவர் அதற்கடுத்தவரை இழுத்தார். சமூகவியலில் ராபர்ட் மெர்டன் 1968-லேயே இதற்கு 'மத்தேயு விளைவு' என்று பெயர் வைத்துவிட்டார்: உள்ளவருக்கே மேலும் சேரும்.

அப்படியானால் தரம் ஒன்றுமே இல்லையா? அப்படியும் இல்லை. மிகச் சிறந்த பாடல்கள் அடியில் கிடந்தது அரிது, மிக மோசமானவை உச்சிக்குப் போனதும் அரிது. நடுவில் இருந்த பெருங்கூட்டத்துக்குத்தான் எதுவும் நடக்கலாம் என்ற நிலை. அப்புறம் நடந்த இன்னொரு சோதனையில் வேண்டுமென்றே தரவரிசையைத் தலைகீழாக்கினார்கள். பொய்யான புகழும் பல பாடல்களுக்கு ஒட்டிக்கொண்டது, ஆனால் மிக நல்ல பாடல்கள் மெல்ல மெல்ல மேலேறின. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இருக்கிறது.

திரும்பத் திரும்பப் பார்ப்பதே பிடித்தத்தை வளர்க்கும் என்பதும் உளவியல் அறிந்ததுதான். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் அமோகமாக விற்ற தாமஸ் கின்கேடின் ஓவியங்களையும் 19-ஆம் நூற்றாண்டின் ஜான் எவரெட் மில்லேயின் ஓவியங்களையும் மாணவர்களுக்கு அடிக்கடி காட்டினார்கள். பார்க்கப் பார்க்க கின்கேட் மீதான விருப்பம் குறைந்தது. மில்லேக்கு அந்தச் சரிவு ஏற்படவில்லை. நல்லதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் அது தாங்கும்.

சிக்கல், பார்க்க வைக்கும் வாசலில் இருக்கிறது. 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த மற்றோர் ஆய்வு, சுமார் 5 லட்சம் கலைஞர்கள் 1980 முதல் 2016 வரை 143 நாடுகளில் எங்கெங்கே காட்சி வைத்தார்கள் என்று பின்தொடர்ந்தது. பெயர்பெற்ற கலைக்கூடங்களில் தொடங்கியவர்களில் 39 சதவீதம் பேர் பத்தாண்டு கழித்தும் களத்தில் இருந்தார்கள். சிறிய கூடங்களில் தொடங்கியவர்களில் 14 சதவீதம் பேர்தான் மிஞ்சினார்கள். இந்த வித்தியாசம் முழுக்கத் தூரிகையின் வித்தியாசம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. பெரிய கூடங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்றுக்குள் நுழைந்தவருக்கு அடுத்ததன் கதவும் திறக்கிறது.

ராமநாதபுரத்தின் இந்தக் கடற்கரையிலிருந்து அந்தக் கூடங்களின் வலை வெகுதூரம். கீழக்கரையிலோ பாம்பனிலோ வரையும் பிள்ளை அரசு கவின் கலைக் கல்லூரியில் சேர வேண்டுமென்றால் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ போக வேண்டும். பனையோலையில் அழகழகாகப் பெட்டி முடைகிறவர்களுக்கும், சிப்பியில் வேலை செய்கிறவர்களுக்கும் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளே வாசல். அங்கே முடைந்தவர் பெயரை யாரும் கேட்பதில்லை, விலையைத்தான் கேட்கிறார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. கீழே தொடங்கி மேலே வந்த சிலரிடம் ஒரு பழக்கம் தெரிந்தது: ஒரே கூடத்தையே சுற்றிவராமல், ஆரம்ப வருடங்களிலேயே வெவ்வேறு இடங்களில் காட்சி வைத்தார்கள். நம் பிள்ளைகளின் ஓவியங்கள் வருடாவருடம் ஒரே பள்ளி ஆண்டுவிழாவில் தொங்குவதை விட, ஒரு முறை மதுரையிலும் ஒரு முறை சென்னையிலும் தொங்க வேண்டும். 2012-இல் தொடங்கிய கொச்சி பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியில் கலை மாணவர்களுக்கென்றே தனிக் காட்சி நடக்கிறது. கலை படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் அதற்கு விண்ணப்பிக்கலாம்.